முதல் சொம்பு மஞ்சள் தண்ணீர்

பக்கத்து வீட்டுக் காலேஜ் பிள்ளை போன வாரம் கையில் ரோஜாப்பூவோடு வந்து, "பெரியம்மா, இதெல்லாம் உங்க காலத்துல கிடையாதுல்ல?" என்று கேட்டாள். காதலர் தினமாம். நான் சிரித்து வைத்தேன். அவளிடம் என்னத்தைச் சொல்ல? ஆனால் என் வயசுக்காரிகளே, உங்களிடம் சொல்லலாம். நமக்கா கிடையாது? நமக்கு ஒரு சொம்பு மஞ்சள் தண்ணீர் இருந்தது. பூவை நீட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போகலாம். தலையில் விழுந்த தண்ணீரை என்ன செய்ய?

எனக்குச் சின்னதிலிருந்தே எதற்கெடுத்தாலும் வயிற்றைக் கலக்கும். பஸ் ஏறினால் பிரேக் பிடிக்குமா என்று பயம். வெளியே போனவர்கள் வரச் செத்த நேரம் ஆனால் பயம். அஞ்சாம் கிளாஸோடு நின்றவள் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்த ஒரு மாசித் திருவிழாவில் நான் பயந்ததற்கு நியாயம் இருந்தது.

எங்கள் ஊர் சித்தையன்கோட்டைக்குப் பக்கத்தில். கத்தரியும் கனகாம்பரமும் விளையும் காடு. மாசியில் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டி, முளைப்பாரி எடுத்துக் கரைத்த மறுநாள் காலையில் மஞ்சத்தண்ணி. கோயில் முன்னால் பெரிய அண்டாவில் மஞ்சளும் வேப்பிலையும் கரைத்து வைப்பார்கள். பொடிசுகள் மூங்கில் பீச்சாங்குழலால் யார் மேல் வேண்டுமானாலும் அடிக்கலாம். மதினிமார் கொழுந்தன்மார் மேல் குடம் குடமாக ஊற்றலாம். அதையெல்லாம் யாரும் கணக்கில் வைப்பதில்லை. வயசுக்கு வந்து கல்யாணம் ஆகாத பெண் ஊற்றுகிற முதல் சொம்புக்குத்தான் மரியாதை. அதை முறைப்பையன் மேல்தான் ஊற்றணும். தண்ணி வாங்கினவன் பொழுது சாய்வதற்குள் வளையலும் பூவும் தாம்பாளத்தில் வைத்து அவள் வீட்டுக்கு வரணும். தாம்பாளத்தை உள்ளே வாங்கிவிட்டால் வைகாசியில் கல்யாணம்.

தப்பித்தவறி அண்ணன் முறைக்காரன் மேல் ஊற்றிவிட்டால் அம்மனுக்கு ஆகாது. அடுத்த காப்புக் கட்டு வரைக்கும் அந்தப் பெண்ணுக்குக் கல்யாணப் பேச்சே எடுக்கக் கூடாது. தண்ணி வாங்கினவன் அன்றிலிருந்து அவளுக்குக் கூடப்பிறந்தவன். சீர் செனத்தி அவன் பொறுப்பு.

இது எப்படி வந்தது என்று ஆளுக்கு ஒரு கதை சொல்வார்கள். பூசாரி சொல்வது இது: அம்மனுக்கு ஒரு முறைமாமன் உண்டு. அவன் குதிரையேறி எங்கள் ஊர் எல்லையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் தாண்டினான். குளித்துக்கொண்டிருந்த அம்மன் கோபத்தில் மஞ்சள் பூசின கையாலேயே சொம்புத் தண்ணியை அவன் முதுகில் வீசினாள். நின்ற இடத்தில் கல்லாய்ப் போனான். எல்லையில் நிற்கிற கல் அவன்தான். அம்மாவோ, "அதெல்லாம் கட்டுக்கதை. அம்மை எறங்கின ஒடம்பு குளுர ஊத்துற தண்ணி, அம்புட்டுத்தேன்" என்பாள். எனக்கு இரண்டுமே பயம். ஒன்றில் ஆள் கல்லாகிறான், இன்னொன்றில் அம்மை வருகிறது.

எங்கள் ஊருக்குக் கரண்டு வந்த வருசம் அது. அறுபதுகளின் தொடக்கம், எனக்குப் பத்து வயசு இருக்கும். கம்பம் நடுகிற ஆட்களோடு ஒரு லைன்மேன் வந்து தங்கியிருந்தார். ஒட்டன்சத்திரத்துக்கு அங்கிட்டு ஏதோ ஊர். காக்கி டவுசர், இடுப்பில் அகலமான தோல் பெல்ட். வாயைத் திறந்தால் 'ங்க' போடாமல் பேசமாட்டார். ஊரில் எல்லோருக்கும் அவர் கரண்டுக்காரர்தான். தண்ணிக்குப் போகிற பெண்கள் கம்பத்துக்கு அடியில் நின்று, "ஏனுங்க கரண்டுக்காரங்க, அங்கன இருந்து பார்த்தா நாங்கள்லாம் எறும்பு மாதிரி தெரிவமாங்க?" என்று இழுப்பார்கள். "எறும்பு கடிக்குமுங்களே, அதுக்குத்தானுங்க மேல ஏறி நிக்கறேன்" என்பார்.

அப்பாவுக்குக் கிணற்றில் மோட்டார் வைக்க ஆசை. அதனால் அவரை மத்தியானச் சாப்பாட்டுக்கு நம்ம வீட்டுக்கே வந்துவிடச் சொன்னார். அவர் வந்தார். ஆனால் ஒரு நாளும் வாசப்படி ஏறினதில்லை. கிணற்றடி வேம்பு நிழலில் இலையைப் போட்டுக்கொண்டு, "கையெல்லாம் கிரீசுங்க, வூடு அழுக்காயிருமுங்க" என்பார். சாப்பிட்ட இலையைத் தானே கொண்டுபோய்த் தூரமாக எறிவார். அப்பாவுக்கு அதில் அப்படி ஒரு பூரிப்பு. "கவர்மெண்டு வேலை பார்க்குறவன். எம்புட்டு அடக்கம் பாத்தியா?" என்று அம்மாவிடம் சொல்லிச் சொல்லி மாய்வார்.

சோறு கொண்டுபோனது அக்கா. துணைக்கு நான். ஒரு நாள் அக்கா கத்தரிக்காய் வெஞ்சனக் கிண்ணத்தை நீட்டினாள். "அங்கயே வெச்சிருங்க, நான் எடுத்துக்கறேனுங்க" என்றார்.

"ஏன், கையில வாங்கினா கரண்டு அடிச்சிருமோ?" என்றாள் அக்கா.

அவருக்குப் புரை ஏறிவிட்டது. அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கு அப்போதே பயம் வந்துவிட்டது. அக்கா எந்த ஆம்பளையிடமும் அப்படிப் பேசி நான் பார்த்ததில்லை.

ஏனென்றால் அக்காவுக்கு மாப்பிள்ளை தயாராக இருந்தான். கன்னிவாடி அத்தை மகன். அப்பாவின் அக்கா மகன், முதல் உரிமைக்காரன். அந்தப் பொங்கலுக்கு அவன் வண்டியில் நாங்கள் போனோம். ஓடை மணலில் ஒரு மாடு நுகத்தடியோடு படுத்துவிட்டது. சாட்டைக் கம்பைத் திருப்பிப் பிடித்து அதன் மூக்கிலேயே அடித்தான். மாடு எழுந்தது. பிறகும் அடித்தான். "அதான் எந்திரிச்சிருச்சே அத்தான்" என்றாள் அக்கா. "எந்திரிக்கிறதுக்கா அடிக்கிறேன்? மறுக்கா படுக்கணும்னு நெனைக்கப்படாது, அதுக்கு" என்றான். மாட்டு மூக்கிலிருந்து ரத்தமும் சளியும் கலந்து மணலில் விழுந்ததை நான் பார்த்தேன். அப்பாவும் பார்த்தார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அவர் சொன்னது, "கெட்டிக்காரப் பய. அவன் கையில குடுத்தா காடு கரை தப்பாது."

காப்புக் கட்டினதும் அத்தை தன் மகனோடு வந்து இறங்கிவிட்டாள். தாம்பாளத்துக்கு வேண்டிய வளையலைக்கூட திண்டுக்கல் கடைவீதியில் வாங்கிக்கொண்டே வந்திருந்தாள். தண்ணி விழுவதற்கு முன்னாலேயே வளையல்! அக்காவின் கையைப் பிடித்து அளவு பார்த்தாள். "கொஞ்சம் இறுக்கமாத்தேன் இருக்கும். போட்டுட்டா கழட்ட முடியாதுடி" என்று சொல்லிச் சிரித்தாள். அக்கா சிரிக்கவில்லை.

பச்சை மஞ்சளை அம்மியில் அரைத்தது நானும் அக்காவும்தான். அந்த வாசனை உங்களுக்குத் தெரியும், தொண்டைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அப்பா வந்து அம்மிப் பக்கத்தில் நின்றார். அக்கா தலையைத் தூக்காமல், "இந்த வருசம் நான் தண்ணி எடுக்கலப்பா" என்றாள்.

"எடுக்கலைன்னா ஊரு என்ன பேசும்? பிள்ளை ஒடம்புல ஏதோ கொறைங்கும்."

அவ்வளவுதான் பேச்சு. அக்கா மறுபடி அரைத்தாள். அரைத்து முடித்த மஞ்சளையே திரும்பத் திரும்ப அரைத்தாள். ராத்திரி சோறு வேண்டாம் என்றுவிட்டாள்.

மறுநாள் காலை கோயில் முன்னால் கொட்டு முழங்குகிறது. முறைப்பையன்கள் ஓடுகிறார்கள், பெண்கள் துரத்துகிறார்கள், வேட்டி சட்டையெல்லாம் மஞ்சள். அத்தை மகன் மட்டும் ஓடவில்லை. வெள்ளை வேட்டி கட்டி, கையைக் கட்டிக்கொண்டு நடுவில் நின்றான். எனக்கு வர வேண்டியது தானாக வரும் என்கிற நிற்பு. கோயிலில் அன்று சாயங்காலம் விளக்கு எரியணும் என்று ஊர்க்கட்டளை. அதனால் கரண்டுக்காரர் ஏணி போட்டுக் கோயில் கம்பத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா அண்டாவில் சொம்பை முக்கி எடுத்தாள். அத்தை குலவை போட ஆரம்பித்தாள். அக்கா நேராக நடந்தாள். அத்தை மகன் தலையைக்கூடக் கொஞ்சம் குனிந்து கொடுத்தான். அவள் அவனைத் தாண்டினாள். ஏணியின் கடைசிப் படியிலிருந்து இறங்கித் தரையில் கால் வைத்தவர் தலையில் சொம்பைக் கவிழ்த்தாள்.

கொட்டு நின்றுவிட்டது. அத்தையின் குலவை பாதியில் அறுந்தது.

"அடி நாசமாப் போறவளே!" என்று அத்தை மண்ணை வாரினாள். அத்தை மகன் பாய்ந்து போய்க் கரண்டுக்காரரின் சட்டையைப் பிடித்தான். ஊர்ப் பெரியவர் கம்பை இடையில் நீட்டினார். "ஏலே, கையை எடு. அம்மன் வாசல்ல ரத்தம் விழப்படாது. மொத முறை என்னன்னு கேப்போம்."

முறை! அந்த ஒரு வார்த்தையில்தான் எல்லாம் இருந்தது. அவர் எங்களுக்கு முறைக்காரர் என்றால் தாம்பாளம் எடுக்கணும். அண்ணன் முறை என்றால் அம்மன் குற்றம், ஒரு வருசம் தள்ளிப்போகும். இரண்டும் இல்லாமல் வேற்றாள் என்றால்... கூட்டத்தில் சில பேர் அதற்குள் அரிவாள் எடுக்க வீட்டுப் பக்கம் நடந்துவிட்டார்கள். அம்மா என் தோளைப் பிடித்திருந்தாள். நகம் உள்ளே இறங்கியது.

"தம்பி, உனக்குக் குலசாமி எது?" என்றார் பெரியவர்.

கரண்டுக்காரர் கண்ணைத் துடைத்தார். அக்காவை ஒரே ஒரு தடவை பார்த்தார். பிறகு நிதானமாக, "உங்களுக்கு எந்தச் சாமிங்க?" என்று கேட்டார்.

இதைத்தான் நான் வாழ்நாள் முழுக்க யோசித்துக்கொண்டிருக்கிறேன். கேட்க வேண்டிய மனுசன் பதில் சொன்னார்! குலசாமி பெருமை என்றால் எங்கள் ஆட்களுக்கு மற்றது எல்லாம் மறந்துவிடும். பெரியவர் நெஞ்சை நிமிர்த்தி, "ஆத்தங்கரைக் கருப்புப்பா! ஏழு கல்லு, எடுப்புக் குதிரை, பங்காளிக சிவராத்திரிக்குக் கூடுவோம். நாலு ஜில்லாவுல ஆளு இருக்கு" என்று கொட்டினார்.

"எங்களுக்கும் அதேதானுங்க," என்றார் கரண்டுக்காரர். "பாட்டன் காலத்துப் பஞ்சத்துல பொழைக்கப் போனவங்க. அப்பறம் வந்து போக முடியலீங்க."

"அட, ஆமா! மேக்க போன கூட்டம் ஒண்ணு உண்டுன்னு எங்க அய்யா சொல்வாரே! தாது வருசத்துல போனதுக! அட பங்காளிப் பயலே!" பெரியவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. ஒரே குலசாமி என்றால் அண்ணன் தம்பி முறை. கூட்டம் ஓ என்று சிரித்தது. "மண்ணுமுட்டிக் கழுத, அண்ணன் மேலயே ஊத்திருச்சு பாரு!" என்று கிழவிகள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அத்தை மகன் கையை எடுத்தான். எனக்கு உயிர் வந்தது. நான் குதித்தேன் என்று நினைக்கிறேன்.

அக்கா மட்டும் அசையவில்லை. அவள் முகத்தைப் பார்த்துப் பெண்கள், "பாவம், குத்தம் பண்ணிட்டோமேன்னு வெதும்பிப் போச்சு" என்றார்கள். குத்தம் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அவர் வேறு ஒரு சாமி பேரைச் சொல்வார் என்று நம்பித்தான் அவள் சொம்பை எடுத்தாள். அது எனக்கே வயசு வந்த பிறகுதான் உறைத்தது.

"அண்ணன் கால்ல விழுந்து துன்னூறு வாங்கு தாயி, குத்தம் கழியும்" என்றார் பெரியவர். அக்கா விழுந்தாள். செத்த நேரம் எழவே இல்லை. குனிந்து நின்ற அவர் தலைமயிரிலிருந்து மஞ்சள் தண்ணி சொட்டுச் சொட்டாக அவள் முதுகில் விழுந்து ரவிக்கையில் பரவியது. "எந்திரிங்க" என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். பிறகு, "எந்திரிம்மா" என்றார்.

சாயங்காலம் கோயிலில் விளக்கு எரிந்தது. ஊரே கை தட்டியது. அக்கா வீட்டில் படுத்திருந்தாள்.

அத்தை போகும்போது என்னைக் காட்டி, "இவளையும் பள்ளிக்கூடத்துக்கு விடு. நாளைக்கு எவன் தலையில சொம்பைக் கவுக்கிறாளோ" என்று சொல்லிவிட்டுப் போனாள். அதோடு என் படிப்பு நின்றது. அவள் மகனுக்கு வைகாசியில் வேறு பெண் பார்த்து முடித்தார்கள். அடுத்த பொங்கலுக்கு முன்னாலேயே அந்தப் பெண் ஒடிந்த கையில் மூங்கில் பத்தை கட்டிக்கொண்டு தாய் வீட்டுக்கு வந்துவிட்டாள் என்று சேதி வந்தது. அன்று முழுக்க அப்பா கத்தரிப் பாத்தியில் வேலை செய்யாமல் உட்கார்ந்திருந்தார்.

மறுவருசம் காப்பு அவிழ்ந்ததும் அக்காவுக்குக் கொடைரோட்டில் மாப்பிள்ளை அமைந்தது. ஸ்டேஷன் பக்கம் பழக்கடை வைத்திருந்தவர், சத்தம் போட்டுப் பேசத் தெரியாத மனுசன். அக்கா தலையாட்டினாள். கரண்டுக்காரர் அதற்குள் மாற்றல் வாங்கிச் சொந்த ஊர்ப் பக்கம் போய்விட்டார். ஆனாலும் அண்ணன் இல்லாமல் கல்யாணமா? மாப்பிள்ளைக்குக் கால் கழுவ வேண்டியது அவர்தானே. அப்பா வெற்றிலை பாக்கோடு கிளம்பினார். என்னையும் கூட்டிப்போனார்.

பஸ் மாறி, நடந்து, அந்த ஊர் டீக்கடையில் விசாரித்தோம்.

"கரண்டு வேலைக்குப் போறானே, அவனைங்களா? நீங்க என்ன வேணுமுங்க அவனுக்கு?" என்றார் கடைக்காரர்.

"எம் மகன் முறை. பங்காளிக நாங்க" என்றார் அப்பா, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு.

கடைக்காரர் அப்பாவை மேலும் கீழும் பார்த்தார். சிரிக்க வாயெடுத்து நிறுத்திக்கொண்டார். "அப்படிங்களா... ஓடையத் தாண்டிப் போங்க. அவங்க தெரு அந்தப் பக்கமுங்க. நம்மாளுங்க ஆரும் அங்க போறதில்லீங்க."

ஓடை மணலில் பாதி தூரம் போய் அப்பா நின்றுவிட்டார். வெயில் காலைச் சுட்டது. "அதான் கெணத்தடியில..." என்றார். என்னிடம் சொல்லவில்லை, தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். திரும்பிப் போனால் ஊருக்குத் தெரியும். தெரிந்தால் கரண்டுக்காரரை வெட்டுவார்கள். அக்கா கல்யாணம் நிற்கும். அக்காவை என்ன செய்வார்கள்? அப்பாவின் முகத்தையே பார்த்தேன். அதில் ஒன்றும் தெரியவில்லை. வெற்றிலைப் பையைக் கை மாற்றிப் பிடித்தார். பிறகு முன்னால் நடந்தார்.

தாழ்ந்த கூரை வீடு. கரண்டுக்காரரின் அம்மா வெளியே வந்து எங்களைப் பார்த்ததும் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஒதுங்கி நின்றார். "உள்ள வாங்கன்னு கூப்பிட எனக்கு வாய் வரலீங்களே சாமி" என்றார்.

"மகன் வீட்டுக்கு வந்திருக்கேன். தண்ணி குடுங்க" என்றார் அப்பா.

அந்த அம்மா மோரே கொண்டுவந்தார். அப்பா குடித்தார், எனக்கும் குடிக்கக் கொடுத்தார். அதற்குள் யாரோ போய்ச் சொல்லி அவர் சைக்கிளில் வந்துவிட்டார். எங்களைப் பார்த்ததும் இறங்கி, சைக்கிளைப் பிடித்தபடியே நின்றார்.

"ஏப்பா அப்படிப் பொய் சொன்ன?" அப்பாவின் குரல் உயரவில்லை.

"நெசத்தச் சொல்லியிருந்தா அன்னைக்கே முடிச்சிருப்பாங்க. உங்க பொண்ணையும் விட்டுவெச்சிருக்க மாட்டாங்க. முறைக்காரன்னு பொய் சொல்லியிருந்தா அவங்க எங்கூட வந்திருப்பாங்க. பின்னால தெரிஞ்சாலும் கதி அதேதானுங்க. வேற வழி தெரியலீங்கய்யா."

அப்பா வெற்றிலை பாக்கை எடுத்து அந்த அம்மாவின் கையில் வைத்தார். "வைகாசியில தங்கச்சிக்குக் கல்யாணம். வந்துரு."

"நான் வரலீங்க. ஒடம்பு முடியலைன்னு சொல்லிருங்க."

"வந்துரு" என்று மறுபடி சொன்னார் அப்பா.

பஸ்ஸில் வரும்போது என்னைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தார். கல்யாணம் வரைக்கும் எனக்கு ஒழுங்காகத் தூக்கம் இல்லை.

அவர் வந்தார். பட்டுச் சேலையும் பித்தளைக் குடமும் கொண்டுவந்தார். மணவறை முன்னால் குனிந்து மாப்பிள்ளையின் காலைக் கழுவினார். அக்கா அவர் உச்சந்தலையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கழுவி முடிந்ததும் மாப்பிள்ளையின் பாதத்தைத் துண்டால் துடைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் பந்தல் ஓரத்துக்குப் போனார். அங்கிருந்து அப்படியே பஸ் ஏறிவிடுவார் என்று எனக்குத் தெரிந்தது. அப்பாவுக்கும் தெரிந்திருக்கிறது. கையைப் பிடித்து இழுத்து வந்து முதல் பந்தியில் உட்கார வைத்தார். ஒரு பக்கம் ஊர்ப் பெரியவர்.

"ஏப்பா, சிவராத்திரிக்குக் கருப்புக் கோயிலுக்கு நீ வரலையே?" என்றார் பெரியவர்.

இலையில் சோறு விழுந்தது, குழம்பு விழுந்தது. கரண்டுக்காரர் கை மடியிலேயே இருந்தது. பெரியவர் திரும்பி அவர் முகத்தை உற்றுப் பார்த்தார். கன்னிவாடி அத்தை எதிர்ப் பந்தியில் இருந்தாள். அவளும் பார்த்தாள். பரிமாறுகிறவர்கள்கூட வாளியோடு நின்றுவிட்ட மாதிரி எனக்குத் தோன்றியது.

அப்பா தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். கரண்டுக்காரருக்கு இந்தப் பக்கம் காலியாக இருந்த இலை முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பெண்ணைப் பெற்றவர் முதல் பந்தியில் உட்காருவது எங்கள் ஊரில் கிடையாது. எல்லோரும் சாப்பிட்ட பிறகு கடைசியில்தான்.

"என்னப்பா, நீ ஒக்கார்ற?" என்றார் பெரியவர்.

"பசிக்குதுண்ணே" என்றார் அப்பா. சோற்றைப் பிசைந்து முதல் கவளத்தை வாயில் போட்டார்.

அதற்குப் பிறகுதான் கரண்டுக்காரர் தன் இலையில் கை வைத்தார்.